பதினோரு பேர் மட்டும்தானா?

இளங்கோ,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் உன் ரயில் நகர்ந்தபோது நான் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கத்தியே பிழைத்த கண்டக்டர் வாயடைத்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கோபம் இல்லை, கண்ணா. படியில் ஏறும்போது நீ சொன்ன ஒரு வாக்கியம் என்னை அப்படி நிறுத்திவிட்டது. "நீங்க நோட்டுல எழுதி அந்த பஸ்ஸைக் காப்பாத்தலையாப்பா? நானும் அதையேதான் பண்ணப் போறேன்" என்றாய். பதில் யோசிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நீ கை அசைத்திருப்பாய். நானும் அந்தப் பக்கம் பார்த்துப் பொதுவாக அசைத்து வைத்தேன்.

நீ என்ன பண்ணப் போகிறாய் என்பதை எனக்குப் புரிந்த அளவில் முதலில் எழுதிவிடுகிறேன். விஷயமே தெரியாமல் அப்பா புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று நீ நினைக்கக் கூடாது. காலேஜில் படிக்கும்போது, கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் தமிழை வாய்விட்டுப் படிக்கும் ஒரு மென்பொருளைக் கண் தெரியாதவர்களுக்காக எழுதினாய். யாரும் காசு தர வேண்டாம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று அதை ஊருக்கே கொடுத்துவிட்டாய். உன்னைப் போன்றவர்கள் உலகம் பூராவும் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய தொகுப்பில் அதுவும் ஒரு பேக்கேஜாகப் போய் உட்கார்ந்தது. இப்போது அந்தத் தொகுப்பைப் பார்த்துக்கொள்பவர்கள், ஆள் இல்லாத பேக்கேஜ்களை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். எது எத்தனை பேரிடம் ஓடுகிறது என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உன்னுடையதற்கு நேராகப் பதினொன்று என்று நிற்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் அதற்கு மேல் ஆள் இருப்பதைக் காட்டாவிட்டால் உன் எட்டு வருட உழைப்பு வெளியே போய்விடும். அதனால் மென்பொருளுக்குள் ஒரு இருபது வரியைச் சேர்த்து, அது ஓடும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் எந்த ஊர், எத்தனை மணிக்கு, என்ன மாதிரி ஃபைலைப் படிக்கச் சொன்னார்கள் என்று சத்தமில்லாமல் உனக்குத் தகவல் வரும்படி செய்யப் போகிறாய். எல்லாரும் பிரித்துப் பார்க்கக்கூடியதுதானே, கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று கேட்டேன். "பாக்கலாம்பா. யாரு பாக்கறா?" என்று சிரித்தாய்.

சிரித்தது உன் தப்பு இல்லை. அந்த நோட்டுக் கதையை உனக்குப் பாதி மட்டும் சொல்லி வளர்த்தது என் தப்பு.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனது ஆறாது. அந்தப் பட்டியல் எப்படி உண்டாகிறது என்று சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாயே, அன்றிலிருந்து நான் மலைத்துப் போய் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றும்போது அது ஒரு கேள்வி கேட்குமாம்: நீங்கள் எதையெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளலாமா? பதில் சொல்லாமல் விட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுமாம். சரி என்றவர்களிடமிருந்து மட்டும் வாரம் ஒருமுறை கணக்கு போகுமாம், பெயர் இல்லாமல், முகவரி இல்லாமல். என்னடா இது! மார்க்கெட் பக்கம் ஜவுளிக்கடையில் மூன்று பனியன் வாங்கினதற்கு என் போன் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் கேட்டான். கல்யாண நாளுக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அம்மா அவனிடம் சண்டைக்கே போனாள். இப்படிப்பட்ட காலத்தில், எங்கோ முகம் தெரியாத சில பேர், எண்ணத் தெரிந்தும் கேட்காமல் எண்ணமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்களே! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்களெல்லாம் ஆற்றில் போட்டுவிட்டு, அளக்கட்டுமா என்று ஆற்றிடமே அனுமதி கேட்கிறீர்கள். நான் பெற்ற பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. உன் அம்மா உப்பு அதிகமோ என்று கேட்டாள்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மணிமங்கலம் போகும் சாயங்காலம் ஐந்தே கால் மணி வண்டி. கலெக்‌ஷன் இல்லை, முடிச்சூரோடு நிறுத்திவிடலாம் என்று டிப்போவில் பேச்சு வந்தது. கலெக்‌ஷன் எப்படி வரும்? வண்டியில் தொங்கிக்கொண்டு வருவது பூராவும் பாஸ். ஸ்கூல் பிள்ளைகள், ஐ.டி.ஐ. பையன்கள், சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தைக்கும் பெண்கள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் நம்பரைத்தான் தாளில் குறிப்போம். கிழிந்த டிக்கெட்டுக்குத்தான் டிப்போவில் ஆள் கணக்கு. பாஸ்காரன் அந்தத் தாளில் ஏறவே மாட்டான். படியில் கால் வைக்க இடமில்லாத வண்டி, தாளில் பார்த்தால் காலி வண்டி. உன் பதினொன்றைக் கேட்டதும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. சரி என்று சொன்னவர்கள் டிக்கெட் வாங்கினவர்கள், மற்றவர்கள் எல்லாம் பாஸ்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பால் பவுடர் டப்பாவைப் படிக்குப் பக்கத்தில் கட்டினேன். அதன் மேல் ஒரு துணிப்பையில் புளியங்கொட்டை. பாஸ்காரர்கள் ஏறும்போது பையிலிருந்து ஒன்றை எடுத்து டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எண்ணினால் அறுபத்தொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் நானூறுக்கு மேல் இருந்தது. ஐ.டி.ஐ. பையன்கள் கை கையாக அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "பஸ் நிக்கக் கூடாதுன்னுதான் சார் போட்டோம்" என்றார்கள். டிப்போ பிராஞ்ச் மேனேஜர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏன்யா, உன் வண்டியில மனுஷன் ஏறுறானா, புளியமரம் ஏறுதா?" என்றார். உன் மென்பொருளை நெட்டிலிருந்து எத்தனை தடவை இறக்கினார்கள் என்ற கணக்கை நம்ப முடியாது, ஒரே மெஷின் நாளைக்கு நூறு தடவை தானாகவே இறக்கும் என்று நீ சொன்னாயே, அதுவும் புளியங்கொட்டைதான்.

அதற்கப்புறம்தான் நோட்டு. நாற்பது பக்க நோட்டில், பாஸைப் பார்த்துப் பெயர், ஏறும் இடம், இறங்கும் இடம் என்று மூன்று வாரம் விடாமல் எழுதினேன். யார் வந்து சோதித்தாலும் மறுக்க முடியாத கணக்கு. மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ட்ரிப்பை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பையன்கள் வண்டிக்கு மட்டும் இல்லை, எனக்கும் மாலை போட்டார்கள். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! விருந்தாளி வந்தால் நீயே, "அப்பா, அந்த நோட்டுக் கதையைச் சொல்லுங்கப்பா" என்பாய்.

மிச்சத்தை இப்போது சொல்கிறேன். அந்த நோட்டில் ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன், ஒருமுறை எழுதினது போதும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. வரதராஜபுரத்தில் வீடு. யாரிடமும் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். ட்ரிப் நிலைத்த ஒரு வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என்னிடம் வந்தான். மரியாதையான ஆள்தான். "அண்ணே, எங்க தங்கச்சி டெய்லி ஒங்க வண்டியிலதான வருது? சில நாளு லேட்டா வருது. வூட்ல அம்மா ஒரே பேஜார் பண்ணிகினு கீது. எங்கனா நடுவுல எறங்குதாண்ணே?" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமையாக நோட்டைப் பிரித்தேன். என் கணக்கு எவ்வளவு சுத்தம் என்று ஒரு வெளியாளுக்குக் காட்ட வாய்ப்புக் கிடைத்ததே என்று இருந்தது எனக்கு. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அவள் தன் ஸ்டாப்புக்கு முன்னாலேயே பழைய பெருங்களத்தூரில் இறங்கியிருந்தாள். மூன்று வாரமும் அப்படித்தான். அவன் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் பார்த்தான். "தேங்ஸ்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பத்து நாள் கழித்து அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண் பாஸை நீட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அவள வீட்ல வேலைய விட்டு நிறுத்திட்டாங்க சார். அவங்க அண்ணன் ஒங்க நோட்டப் பாத்துட்டு வந்துதான் அடிச்சாராம்" என்றாள். அவள் பழைய பெருங்களத்தூரில் எதற்கு இறங்கினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தையல் கிளாஸோ, கோயிலோ, சிநேகிதியோ, யாராவது ஒரு பையனோ. எதுவாக இருந்தால் எனக்கென்ன? வாரத்தில் இரண்டு சாயங்காலம் அவளுக்கென்று வைத்திருந்தாள், அதை நான் நோட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து நோட்டை அடுப்பில் போட்டேன். போட்டு என்ன பிரயோஜனம்? அந்த ட்ரிப் அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஓடியது. வரதராஜபுரம் ஸ்டாப்பில் வண்டியை எடுக்கச் சொல்லி டபுள் விசில் கொடுக்கும்போதெல்லாம் அவள் இறங்கும் படியைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். மாலை போட்ட கதையை மட்டும் வெட்கமில்லாமல் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை, இளங்கோ. உனக்கும் இல்லை. பஸ்ஸைக் காப்பாற்ற எனக்கு வேண்டியிருந்தது எத்தனை பேர் என்பது மட்டும்தான். யார் என்று எழுதினேன் பார், அங்கேதான் தப்பு. வெள்ளம் வந்த வருடம் நாம் முடிச்சூர் வீட்டு மொட்டை மாடியில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். படகில் வந்தவர் அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மேல எத்தினி பேரு கீறீங்க?" நீதான் ஒன்பது என்று கத்தினாய். ஒன்பது பொட்டலம் மேலே வந்து விழுந்தது. வீட்டுக்காரரா குடித்தனமா, ரேஷன் கார்டு இருக்கிறதா, ஒன்றும் கேட்காமல் அடுத்த மாடிக்குப் போய்விட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

யார் என்று தெரியாமல் எண்ணுவதற்கு ஒரு காசு வித்தை இருக்கிறது என்று நீ சொன்னாய் அல்லவா? பெரிய கூட்டத்துக்குத்தான் அது சரிப்படும், உன்னுடையதைப் போன்ற சின்னக் கணக்குக்கு உதவாது என்றும் சொன்னாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, மேற்குத் தாம்பரம் டீக்கடையில் எங்கள் ரிட்டயர்டு ஆட்கள் மாதா மாதம் கூடுவார்களே, அங்கே சோதித்துப் பார்த்துவிட்டேன். இருபத்துநாலு கண்டக்டர்கள். கேள்வி இதுதான்: ஓடி வருகிற ஆளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி டபுள் விசில் கொடுத்திருக்கிறாயா? எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான கேள்வி கிடையாது. கேட்டதும் ஆளாளுக்கு டீ கிளாஸுக்குள் குனிந்துகொண்டார்கள். "இன்னா நைனா, காலங்காத்தால மானத்த வாங்குற?" என்றார் ஏகாம்பரம். இந்த ஏகாம்பரம் டிப்போவிலேயே கறாரான ஆள், சொந்த மாமனாரின் மூட்டைக்கே லக்கேஜ் டிக்கெட் போட்டவர். நான் நீ சொன்ன வித்தையைச் சொன்னேன். ஆளுக்கொரு காசைச் சுண்டி, யாருக்கும் காட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலை விழுந்தால் நிஜம் எதுவானாலும் கை தூக்கிவிட வேண்டும். பூ விழுந்தால் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். "அப்போ நான் கை தூக்குனா, தலையா வுழுந்துச்சா, தப்புப் பண்ணேனான்னு ஒனக்கே தெரியாதா?" என்றார் ஏகாம்பரம். தெரியாது என்றேன். "ஒங்க அப்பன் ஆத்தா மேல?" என்றார். சத்தியம் செய்தேன்.

காசு சுண்டும் சத்தம் கேட்டது. என் காசை உள்ளங்கையில் வைத்து, சிங்கம் இருக்கும் தலையா, எண் இருக்கும் பூவா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். எண்ணுகிற வேலையை டீக்கடை அக்காவிடம் கொடுத்தோம். பத்தொன்பது கை என்றார். பாதிப் பேருக்குத் தலை விழுந்திருக்கும், பன்னிரண்டு போகட்டும். மிச்சம் ஏழு கை, பூ விழுந்த பன்னிரண்டு பேரில் ஏழு. அப்படியானால் எங்கள் இருபத்துநாலு பேரில் சுமாராகப் பதினாலு பேர், ஓடி வந்த யாரையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறோம். குத்துமதிப்புதான், நீ சொன்னபடி கூட்டம் சின்னது. இருந்தாலும் இளங்கோ, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! நாற்பது வருடம் யாரும் யாரிடமும் சொல்லாத ஒன்று, டீ ஆறுவதற்குள் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தது. யாருடைய வேட்டியும் அவிழவில்லை. யாரையும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஏகாம்பரம் கை தூக்கினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எவன் கண்டுபிடிச்சான் இத? மனசு லேசாகீதுபா" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு நோட்டுக்குப் பதிலாக என் கையில் இது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். படித்தவர்கள் கண்டுபிடித்ததிலேயே இவ்வளவு இரக்கமான கணக்கை நான் கேள்விப்பட்டதில்லை.

உன் கணக்குக்கு அது உதவாது என்றால் போகட்டும். வெளிப்படையாகக் கேட்டுவிடு. உன் மென்பொருளை முதல் தடவை திறக்கும்போது, அது தன் குரலிலேயே கேட்கட்டும்: இன்னொருவர் பயன்படுத்துகிறார் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாமா, வேறெதுவும் வெளியே போகாது என்று. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று வைத்துக்கொள். தொகுப்பைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுது. இது பாஸ்காரர்கள் ஏறும் வண்டி, உங்கள் தாளில் தெரியாது என்று சொல். அதற்கப்புறமும் எடுப்பார்களானால் எடுக்கட்டும், உன் சொந்தப் பக்கத்தில் வை. பொத்தேரியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கும் ஒரு பார்வையில்லாத பையன் உனக்கு இரண்டு வரி எழுதினானாமே, இனிமேல் என் பாடத்தை நானே படித்துக்கொள்கிறேன் என்று. அந்த "நானே"யை யோசித்துப் பார். கண் தெரியாதவனுக்கு வருகிற எந்தக் காகிதமும், பேங்க் கடிதமானாலும் காதல் கடிதமானாலும், இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் தன் காகிதத்தைத் தானே படித்துக்கொள்ளலாம் என்று நீ அவனுக்கு ஒரு அறை கட்டிக் கொடுத்தாய். அந்த அறைச் சுவரில் நீயே ஓட்டை போட்டு எட்டிப் பார்க்கப் போகிறாயா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இதையும் பாதியில் நிறுத்தினால் நான் திருந்தவே இல்லை என்று அர்த்தம். என் கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டது. ஒன்றரை வருடம் ஆகிறது. நடமாட்டத்துக்குப் பாதகமில்லை, ஆனால் எழுத்து தெரிவதில்லை. தூரத்தில் முகமும் தெரிவதில்லை. ஸ்டேஷனில் நீ கை அசைத்தாயா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அம்மாவிடம் உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன், அவளைத் திட்டாதே. நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பை முடிச்சூர் ரோடில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் கொடுத்து, உன் மென்பொருளைப் போட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து மெயிலில் வந்த தமிழ் விளக்கத்தை, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, உன் மென்பொருள் படிக்கத்தான் முதலில் கேட்டேன். இனி போனது திரும்பாது என்று அது சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை. அழ வேண்டிய மட்டும் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, அப்புறம் உன் அம்மாவிடம் என் வார்த்தையில் சொன்னேன். உன் இருபது வரி அன்றைக்கு உள்ளே இருந்திருந்தால், தாம்பரம், காலை பத்து மணி, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று உன் திரையில் போய் விழுந்திருக்கும். இப்போதுகூட நான் ஒரு வரி எழுதுகிறேன், உன் மென்பொருள் அதை எனக்குப் படித்துக் காட்டுகிறது, அடுத்த வரிக்குப் போகிறேன். தமிழைக் கொஞ்சம் மூக்கால் பேசுகிறது, அதை மட்டும் சரி பண்ணு.

கடைக்கார அம்மா எல்லாவற்றையும் ஏற்றும்போது, "சார், நீங்க என்னென்ன யூஸ் பண்றீங்கன்னு எண்ணிக்கலாமான்னு கேக்குது. என்ன போடட்டும்?" என்று கேட்டார். நான் உன் மென்பொருளைப் போட்டிருப்பது அந்தக் கணக்கு வழியாக உனக்குத் தெரிந்துவிடுமோ என்று அன்றைக்கு எனக்குப் பயம். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். அதுவும் மேலே ஒன்றும் கேட்காமல் சரி என்று போய்விட்டது. அதனால் உன் பட்டியலில் இருக்கும் அந்தப் பதினோரு பேரில் நான் இல்லை. யாரும் எட்டிப் பார்க்காமல், நோட்டில் எழுதாமல், நானாகச் சொல்கிறேன். பன்னிரண்டு என்று வைத்துக்கொள்.

உன்
அப்பா